ஆறு பேருக்கு ஒரு படகு

நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினால் ஆளுக்கொரு வேலை தானாக வந்து சேர்ந்துவிடும். கணக்குப் பார்ப்பவன் ஒருவன், சாப்பாட்டுக் கடை தேடுபவன் ஒருவன், கடைசி நேரத்தில் வரவில்லை என்பவன் ஒருவன். ஐம்பது வயதைக் கடலில் கொண்டாடலாம் என்று எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் முடிவானபோது, படகைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நியாயம்தான். ஹாம்பர்க்கில் இருக்கிறேன். பாய்மரப் படகு ஓட்ட உரிமம் வைத்திருக்கிறேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மூன்று தம்பதிகள். நாங்கள் இருவர், லண்டன்காரனும் அவன் மனைவியும், சென்னைக்காரனும் அவன் மனைவியும். விடுதியில் நாங்கள் மூவரும் ஒரே அறை. அந்த அறையில் ஒரு ஃபேன், அதுவும் பாதி நேரம் ஓடாது. அப்படி இருந்தவர்கள் முப்பது வருடம் கழித்து மத்தியதரைக் கடலில் படகு எடுக்கப் போகிறோம் என்பதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

முதலில் எந்தக் கடல் என்று பார்க்க வேண்டும். கிரேக்கம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளை வீடும் நீலக் கூரையும் கொண்ட ஏஜியன் கடல் தீவுகள். ஆனால் அங்கே கோடையில் வடக்கிலிருந்து 'மெல்டெமி' என்றொரு காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில் நாள்கணக்கில் நிற்காது. நம் ஊர் வாடை போல வடக்குக் காற்றுதான், ஆனால் குளிர் இல்லை, வேகம் உண்டு. பழகாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடமில்லை அது. மேற்கே ஐயோனியன் கடல் வேறு மாதிரி. காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து 'மாய்ஸ்த்ரோ' எழும், சாயங்காலம் அடங்கிவிடும். காலையில் நீச்சல், மதியம் பாய், இரவில் தூக்கம். லெஃப்காடா, மெகனிசி, இதாகா, கெஃபலோனியா என்று தீவுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு நாளுக்குப் பத்துப் பதினைந்து கடல்மைல் போனால் போதும். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். ஜூன் முதல் வாரம், லெஃப்காடாவில் ஏறி அங்கேயே இறங்குவது என்று முடிவு செய்தேன்.

வாடகைப் படகுகளுக்கு ஒரு வாரக் கணக்கு உண்டு. சனிக்கிழமை மாலை ஏற வேண்டும், அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்ப வேண்டும், சனி காலை காலி செய்ய வேண்டும். ஓட்டுபவர் இல்லாமல் படகை மட்டும் எடுத்தால் 'பேர்போட்'. ஓட்டுபவரோடு எடுத்தால் அவருக்குத் தினக்கூலி, சாப்பாடு, தூங்க ஓர் இடம் மூன்றும் தர வேண்டும். நான் எடுக்க நினைத்தது பேர்போட். நானேதான் ஸ்கிப்பர். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

எக்செல் தாளைத் திறந்தேன். நீளம், கட்டிய வருடம், அறைகள், கழிப்பறைகள், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர், பிரதான பாய் சுருட்டுகிற வகையா மடித்து இறக்குகிற வகையா, குளிர்சாதனப் பெட்டி, முன்பணம், காப்பீடு. மொத்தம் 23 கட்டங்கள். படங்களைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது அனுபவசாலிகள் சொல்லித் தந்தது. எல்லாப் படகும் படத்தில் புதிதாகத்தான் இருக்கும். வாடகைப் படகு ஒரு கோடையில் இருபது குடும்பங்களைப் பார்த்துவிடும், ஆகவே வயது முக்கியம். அறையின் எண்ணிக்கையைவிடக் கழிப்பறையின் எண்ணிக்கை முக்கியம். கைப் பம்பா மின்சாரமா என்பது அதைவிட முக்கியம். காகிதத்தை உள்ளே போடக் கூடாது, போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதை ஏறுவதற்கு முன்பே எல்லோரிடமும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது 46 அடி நீளமுள்ள ஒற்றை உடல் படகு. நான்கு அறைகள். பாயை விரித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு தண்ணீரை வெட்டிப் போகும். வாரத்துக்கு 3,200 யூரோ கேட்டார்கள். படத்தைக் குழுவில் போட்டதும் லண்டன்காரன் தீ எமோஜி மூன்று அனுப்பினான். சென்னைக்காரன் கட்டைவிரல் ஒன்று மட்டும் போட்டான்.

அன்று இரவே சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மணி ஒன்றுக்கு மேல் இருக்கும்.

"மாப்ள, நாங்க வரலடா. நீங்க போயிட்டு வாங்க."

"ஏண்டா, விசாவா? நான் பாத்துக்கறேன்."

"விசா இல்லடா." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குப் பார்க்கின்சன்ஸ். மூணு வருஷம் ஆச்சு. வீட்ல, ஆபீஸ்ல ஒருத்தர், அவ்ளோதான் தெரியும். இப்ப உனக்கு."

கை நடுங்கினால்தான் அந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நடுக்கம் அதிகமில்லை. உடம்பு இறுகிக்கொள்கிறது, எல்லாம் மெதுவாகிறது, நடக்கும்போது இடது கை வீசுவதில்லை. போன முறை ஊருக்குப் போனபோது கவனித்திருந்தேன். தொப்பை போட்டுவிட்டான், சோம்பேறி ஆகிவிட்டான் என்று நானும் லண்டன்காரனும் கிண்டல்கூடச் செய்தோம்.

"சாஞ்சுட்டே போற போட்ல நான் எங்கடா நிப்பேன்? படத்துல அந்தப் படியப் பாத்தேன். ஏணி மாதிரி இருக்கு."

அவன் சொன்னது சரி. ஒற்றை உடல் படகில் உள்ளே இறங்க ஐந்தாறு படிகள் செங்குத்தாக இருக்கும். காற்று நன்றாக இருந்தால் படகு பதினைந்து இருபது டிகிரி சாயும். பாய் ஓட்டுபவனுக்கு அந்தச் சாய்வுதான் சந்தோஷம். நிற்க முடியாதவனுக்கு அதே சாய்வு ஒரு வாரச் சித்திரவதை. 23 கட்டங்கள் போட்டவன், வருகிறவர்களின் உடம்புக்கு ஒரு கட்டம் போடவில்லை.

"ரெண்டு நாள் குடு. வேற போட் பாக்கறேன். பிடிக்கலன்னா அப்ப சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லாத. அவன்கிட்டயும்."

"சொல்லல."

இப்படித்தான் இரட்டை உடல் படகுக்கு வந்து சேர்ந்தேன். உலகமெல்லாம் அதற்குப் பெயர் 'கேட்டமரான்'. ஜெர்மன்காரரும் கிரேக்கரும் சொல்வது நம் கட்டுமரத்தைத்தான். சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரங்களைப் பற்றி ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் எழுதிய நூல் 1697இல் வெளிவந்தது. ஆனால் நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரண்டு உடல்களை நடுவில் பலகையால் இணைப்பது பசிபிக் தீவுக்காரர்களின் வித்தை. பெயர் இங்கிருந்து போய் அந்தப் படகில் ஒட்டிக்கொண்டது. 1876இல் அமெரிக்கர் நதானியல் ஹெரஷாஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஒற்றை உடல் படகுகளைப் பின்னுக்குத் தள்ளினார். பந்தயக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, அந்த வகைப் படகைப் பிறகு சேர்த்துக்கொள்ளவில்லை. பாய் ஓட்டுபவர்களிடம் அந்த ஒவ்வாமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எனக்கும் இருந்தது. மிதக்கும் பால்கனி என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. காற்றை எதிர்த்துப் போவதில் மந்தம். இரண்டு உடல்களுக்கும் நடுவே அலை வந்து அடித்தால் மேசைக்கு அடியில் யாரோ குத்துவது போலச் சத்தம் வரும். நான் பார்த்த 42 அடிப் படகின் அகலம் 7.7 மீட்டர். துறையில் இரண்டு படகின் இடத்தை அடைக்கும், கட்டணமும் கூடுதலாகக் கேட்பார்கள். ஆனால் சாயாது. உட்காரும் இடம், சாப்பாட்டு மேசை, சமையல் மேடை எல்லாம் ஒரே மட்டத்தில். அறைக்கு இறங்க அகலமான மூன்று நான்கு படிகள்தான், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. பின்னறைகளில் இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய கட்டில். இரவில் புரண்டு படுக்கவே சிரமப்படுகிறவனுக்கு இது பெரிய விஷயம் என்று அவன் மனைவிதான் சொன்னார். "அண்ணா, ஒரு பக்கம் சுவரு இருந்தா அவரு எந்திரிக்கவே மாட்டாரு. என்னையும் தாண்டணும்." தாளில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்.

வாடகை 5,400 யூரோ.

அதோடு ஒரு ஸ்கிப்பர் வைப்பது என்றும் முடிவு செய்தேன். நான் சுக்கானில் இருந்தால் என் கண் காற்றிலும் பாயிலும்தான் இருக்கும். நங்கூரம் போடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்க முடியாது. அவன் இருக்கிற படகில் எனக்கு இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 200 யூரோ, ஏழு நாளுக்கு 1,400. மொத்தம் 6,800. ஒரு தம்பதிக்கு 1,070க்குப் பக்கத்தில் இருந்த செலவு 2,270 ஆயிற்று.

லண்டன்காரன் கொதித்துவிட்டான். அவன் கஞ்சனல்ல. மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், கணக்குப் பார்க்கும் நிலைமை. "உங்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே, அப்புறம் எதுக்குடா ஸ்கிப்பர்? பத்து வருஷமா அதத்தானே பேசிட்டு இருக்க?" என்றான். பெண்களுக்குக் குமட்டும், சமைக்க வசதி என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "எனக்கு தைரியம் இல்லடா" என்றேன்.

அவனைச் சமாளிக்கச் சொன்ன பொய் அது. போனை வைத்த பிறகுதான் அது முழுப் பொய் இல்லை என்று புரிந்தது. உரிமத் தேர்வுக்கு முன் 300 கடல்மைல் காட்ட வேண்டும், காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு 400 இருக்கும். அத்தனையும் பால்டிக் கடலில், என்னைவிட அனுபவம் உள்ள யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஓட்டியவை. 7.7 மீட்டர் அகலப் படகைப் பின்புறமாக ஓட்டி ஒரு சிறு துறையில் நுழைத்ததே கிடையாது. இன்னொன்றும் உண்டு. கிரேக்கத்தில் பேர்போட் எடுக்க உரிமம் உள்ளவர் ஒருவர் மட்டும் போதாது. கடல் அனுபவம் உள்ள இரண்டாவது ஆள் வேண்டும். அவருக்கு உரிமம் இல்லையென்றால், அனுபவம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். அந்த இடத்தில் என் மனைவியின் பெயரைப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் ஆல்ஸ்டர் ஏரியில் என்னோடு இரண்டு முறை வந்திருக்கிறாள். இரண்டு முறையும் சுண்டல் சாப்பிட்டாள்.

அவளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "நீங்க தண்ணிக்குள்ள விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" எனக்குப் பதில் இல்லை. நண்பனின் நோய் வராமல் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைத்திருப்பேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜூனில் லெஃப்காடா போய்ச் சேர்ந்தோம். தீவுதான், ஆனால் ஒரு சிறு நகரும் பாலத்தின் வழியாகக் காரிலேயே போய்விடலாம். ஸ்கிப்பர் அறுபது வயதை நெருங்கும் கிரேக்கர். அதிகம் பேசாதவர். அவரோடு சேர்ந்து படகைச் சரிபார்த்து வாங்கினேன். உயிர்காப்பு உடைகளை எண்ணினோம், சிறு படகின் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம், நங்கூர மோட்டாரை ஏற்றி இறக்கினோம், ஏற்கெனவே இருந்த கீறல்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தோம். முன்பணம் திரும்ப வர வேண்டுமென்றால் அந்தப் படங்கள்தான் சாட்சி. எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மாதத் தேடல் வீண்போகவில்லை என்று கரையில் நிற்பவர்களைப் பார்த்துக் கையசைத்தேன்.

லண்டன்காரன் பெட்டியோடு ஏறினான். பெண்கள் ஏறினார்கள். சென்னைக்காரன் ஏறவில்லை.

அங்கே படகைப் பின்புறம் கரையைப் பார்த்தபடி கட்டுவார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் தண்ணீர். அதன் மேல் ஒரு பலகை, ஓரடி அகலம் இருக்கும். அவன் பலகையின் முன்னால் நின்றான். கால் எழவில்லை. தரையோடு ஒட்டிவிட்டது போல நின்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அந்த நோயில் முகமும் இறுகிவிடுகிறது. பின்னால் வேறு ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு காத்திருந்தது.

"என்னடா, நல்ல நேரம் பாக்கறியா?" என்று படகிலிருந்து கத்தினான் லண்டன்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி மறுபடியும் கரைக்கு வந்து, அவன் தோளைத் தொடாமல், பக்கத்தில் நின்று மெல்ல எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு." ஸ்கிப்பர் பலகையின் அந்தப் பக்கம் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு மணி நேரம். பிறகு கால் எழுந்தது, நான்கு அடியில் வந்துவிட்டான்.

எந்தப் படகை எடுத்திருந்தாலும் இந்தப் பலகை உண்டு. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு துறையிலும், போகவும் வரவும். படகின் நீளம், அகலம், ஆழம், கட்டிலின் பக்கம் வரை பார்த்தவன், படகில் எப்படி ஏறுவது என்று பார்க்கவில்லை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு அவன் மனைவியிடம் கேட்டேன். குறுகலான இடம், வாசல்படி, இதையெல்லாம் பார்த்தால் கால் நின்றுவிடும் என்றார். வீட்டில் பூஜையறை வாசலிலும் அப்படித்தானாம். "ஆனா மாடிப்படி ஏறுவாரு அண்ணா. தரையில கோடு போட்டிருந்தா அதத் தாண்டிப் போயிடுவாரு. பிஸியோதெரபி பண்றவங்க ஹால்ல டேப் ஒட்டித் தந்தாங்க." ஸ்கிப்பரிடம் வெள்ளை மின்சார டேப் இருந்தது. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார். அரையடிக்கு ஒன்றாகப் பலகையின் குறுக்கே கோடுகள் ஒட்டினோம்.

மறுநாள் மெகனிசிக்குப் போனோம். கடலில் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. மேசையில் வைத்த டம்ளர் நகராத படகில் அவன் பாட்டுக்கு நடந்தான், தக்காளி நறுக்கினான், ஒனாசிஸ் ஜாக்குலினைக் கல்யாணம் செய்துகொண்ட ஸ்கார்ப்பியோஸ் தீவைத் தாண்டும்போது எங்கள் கல்லூரி முதல்வரின் கல்யாணக் கதையைச் சொன்னான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும், மாத்திரை போடுவான். பிரஷர் மாத்திரை என்றான். துறையில் கட்டியதும் பலகையை இறக்கினோம். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒவ்வொரு கோடாகத் தாண்டி கரைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் இதாகாவில், கியோனி துறையில், லண்டன்காரன் பலகையைப் பார்த்தபடி கேட்டான். "இது என்னடா, பாண்டி ஆடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சென்னைக்காரன் சொல்லிவிட்டான். "எனக்குடா அது." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வானிலைச் செய்தி வாசிப்பது போலத்தான் சொன்னான்.

லண்டன்காரன் ஒன்றும் பேசாமல் எழுந்து முன்பக்கம் போய் வலையில் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். கண் சிவந்திருந்தது. கோபம் என்மேல்.

"அவன் சொல்லல, சரி. அவன் இஷ்டம். நீ ஏண்டா சொல்லல? ஆயிரத்தி இருநூறு யூரோவுக்கு உங்கிட்ட சண்ட போட்டேன். நேத்து முந்தாநாள் நல்ல நேரம் பாக்கறியான்னு கேட்டேன். என்னய எப்படி ஆக்கிட்ட பாத்தியா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரகசியத்தைக் காப்பாற்றினேன், ஆனால் அவனைக் காப்பாற்றவில்லை. "உனக்குச் சொல்ல முடியாத ஒரு காரணம் இருக்கு, என்னை நம்பு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அதைச் சொல்லாமல் குமட்டல், சமையல் என்று கதை கட்டினேன். அன்று இரவு மூவரும் வலையில் படுத்துக்கொண்டு வெகுநேரம் பேசினோம். நோயைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அந்த ஓடாத ஃபேனைப் பற்றித்தான் அதிகம்.

அதற்குப் பிறகு ஃபிஸ்கார்டோ. 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியா தீவு ஏறக்குறைய முழுவதும் இடிந்தபோது பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர். அங்கே போகும் வழியில் ஸ்கிப்பர் சுக்கானைச் சென்னைக்காரனிடம் கொடுத்தார். மதியக் காற்று எழுந்திருந்தது. அரை மணி நேரம் ஓட்டினான். நான் பாய்க் கயிற்றோடு பக்கத்தில் நின்றேன், இரண்டு கையும் சும்மா இல்லை, ஆனால் கண் அவன்மேல் இருந்தது.

இப்போதும் யாராவது படகு எடுக்கிறோம், எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என் தாளை அனுப்புகிறேன். 23 கட்டம் இப்போது 26. கூடவே ஒன்று சொல்கிறேன். படகைத் தேடுவதற்கு முன்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போடுங்கள். குழுவில் கேட்காதீர்கள், குழுவில் எல்லோரும் கட்டைவிரல்தான் போடுவார்கள். முழங்கால் எப்படி, ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், பணம் எவ்வளவு முடியும், எதற்குப் பயம் என்று கேளுங்கள். படகு அதற்குப் பிறகு தானாக அமையும்.

வெள்ளி மாலை திரும்பியதும் பலகையிலிருந்து டேப்பை உரித்தேன். கோந்து போகவில்லை. கோடு கோடாகக் கறுப்பாக நின்றது. சனி காலை படகை வாங்கிக்கொள்ள வந்த பையன் அதைப் பார்த்து முகம் சுளித்தான், இது முன்பே இருந்ததா என்று கேட்டான். இல்லை, நாங்கள் செய்ததுதான் என்றேன். முன்பணத்தில் 30 யூரோ பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாகப் பிரித்துத் தலைக்குப் பத்து என்று லண்டன்காரன் குழுவில் கணக்குப் போட்டான்.